நரி குறைந்தால் முயல் பெருகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொங்குப் பக்கம் எந்தத் தோட்டத்துத் திண்ணையில் உட்கார்ந்தாலும் கொஞ்ச நேரத்தில் மயில் பேச்சு வந்துவிடும். "நரி போச்சு, மயிலு பெருத்துப்போச்சு" என்று ஒருவர் தீர்ப்பு எழுதுவார். பறவை பார்க்க ஆட்களைக் கூட்டிக்கொண்டு அலைகிறவன் என்பதால் மற்றவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் சுவீடனில் இருந்து ஆரம்பிப்பேன். பாதியில் டீ வந்துவிடும், பேச்சு வேறு பக்கம் போய்விடும். அப்படிப் பாதியில் நின்ற பதில்களை முழுசாக எழுதி வைக்கலாமே என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். மயில் கடைசியில்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நரி குறைஞ்சா அது தின்கிற பிராணி பெருகும். இதுல என்ன சந்தேகம்?

சந்தேகம் இருக்கிறது. நாற்றை நெருக்கமாக நட்டால் சில பயிர் தானாகவே நசிந்துபோகும். அப்படி நசியப்போவதையே ஆடு வந்து கடித்துவிட்டுப் போனால் விளைச்சலில் ஒன்றும் குறையாது. முயலும் அப்படித்தான் என்று ஒரு கட்சி உண்டு. ஒரு காட்டில் குளிர்காலத்தைத் தாண்ட இத்தனை முயலுக்குத்தான் இடமும் தீனியும் இருக்கிறது, மிச்சமெல்லாம் எப்படியும் சாகப்போகிறவை, நரி தின்பது அந்த மிச்சத்தை என்பது அவர்கள் வாதம்.

இதை அழுத்திச் சொன்னவர் அமெரிக்க விலங்கியலாளர் பால் எரிங்டன். அயோவா மாநிலத்தின் சதுப்புகளில் மஸ்க்ராட் என்ற நீர்க்கொறிணியையும், வயல்வெளிகளில் பாப்வைட் என்ற காடை போன்ற பறவையையும் வருடக்கணக்கில் பார்த்து அவர் அந்த முடிவுக்கு வந்தார். ஒதுங்க நல்ல இடம் கிடைத்தவை பிழைத்தன. இடம் கிடைக்காமல் வெளியே தள்ளப்பட்டவைதான் வேட்டையாடிகளின் வாயில் விழுந்தன. 1940-களுக்குப் பிறகு சூழலியல் படித்த ஒரு தலைமுறையே இந்தக் கண்ணோடுதான் நரியைப் பார்த்தது.

வேட்டைக்காரங்க வேற மாதிரி சொல்வாங்களே?

ஆமாம். "நரி தின்னது போக மிச்சம்தான் எனக்கு" என்று எல்லா ஊர் வேட்டைக்காரர்களும் சொன்னார்கள். படித்தவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எந்தக் கட்சி சரி என்று பார்க்க வழி ஒன்றுதான். ஒரு பெரிய நிலப்பரப்பில் நரியை எடுத்துவிட வேண்டும், சில வருடம் முயலை எண்ண வேண்டும், பிறகு நரியைத் திரும்ப விட்டு மறுபடி எண்ண வேண்டும். ஒரு நாடு முழுக்க இதைச் செய்ய எந்த அரசாங்கமும் பணம் தராது. ஆனால் ஸ்காண்டிநேவியாவில் ஒரு சொறிப்பூச்சி இதைச் செய்துகாட்டியது.

சுவீடன்ல என்னதான் நடந்தது?

1960-களின் இறுதியில் பின்லாந்துச் செந்நரிகளுக்குச் சொறிநோய் கண்டது. 1970-களின் நடுவில் அது சுவீடனுக்குள் வந்துவிட்டது. அடுத்த பத்து வருடத்துக்குள் நாட்டின் பெரும்பகுதிக்குப் பரவியது, நார்வேயிலும் நுழைந்தது. நரிகளின் எண்ணிக்கை நாடு முழுக்கப் பாதிக்கும் கீழே போனது. சில வட்டாரங்களில் நரியின் காலடித் தடத்தைப் பனியில் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது.

நல்லவேளையாக எண்ணிக்கொண்டிருக்க ஆள் இருந்தார்கள். தென்-மத்திய சுவீடனில் கிரிம்ஸோ என்ற இடத்தில் சுமார் 130 சதுர கிலோமீட்டர் காட்டில் ஒரு வனவிலங்கு ஆய்வு நிலையம் இருக்கிறது. நோய் வருவதற்கு முன்பே அங்கே நரி, எலி, முயல், கிரௌஸ் என்ற காட்டுப்பறவை, மான் எல்லாவற்றுக்கும் வருடாவருடம் கணக்கு எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். ஏரிக் லின்ட்ஸ்ட்ரோம் என்பவரும் கூட்டாளிகளும் அந்தக் கணக்கையும் நாட்டின் வேட்டைக் கணக்கையும் சேர்த்துப் பார்த்து 1994-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நான் சொல்வதில் பெரும்பகுதி அந்தக் காலத்து வேலையில் இருந்து வருவதுதான்.

செந்நரின்னா நம்ம ஊர் நரியா?

இல்லை. நாம் பேச்சில் நரி என்று சொல்வது பெரும்பாலும் ஜாக்கலை. அது ஓநாய், நாய்க் குடும்பத்துக்கு நெருக்கம். நம் வறண்ட காடுகளில் திரியும், சின்ன உருவமும் வாலில் கருநுனியும் உள்ள இந்திய நரி வேறு, அதுதான் செந்நரிக்கு நெருங்கிய உறவு. செந்நரி தமிழ்நாட்டில் கிடையாது. ஆனால் எலி, முயல், தரையில் கூடு கட்டும் பறவை, பழம், செத்த மாடு என்று கிடைத்ததைத் தின்னும் பழக்கம் மூன்றுக்கும் பொது.

சொறி வந்தா செத்துப்போகுமா? எங்க தெருநாய்க்கெல்லாம் சொறி இருக்கு, நல்லாத்தானே திரியுது!

திரிகிற நாயைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள், செத்ததைப் பார்ப்பதில்லை. அது ஒரு பக்கம். நாய்ச் சொறியில் வகை உண்டு, எல்லாமே இந்தப் பூச்சியால் வருவதில்லை. அது இன்னொரு பக்கம்.

இந்தப் பூச்சி கண்ணுக்குத் தெரியாத சிறிசு. பெண் பூச்சி தோலுக்குள் சுரங்கம் தோண்டி முட்டை வைக்கும். மனிதருக்கு விரல் இடுக்கில் வரும் சிரங்கும் இதன் இன்னொரு வகையால் வருவதுதான். நரி சொறிந்து சொறிந்து தோல் தடித்துப் புண்ணாகும், ரோமம் கொட்டும், இளைக்கும். சுவீடன் குளிரில் ரோமம் இல்லாத நரி எத்தனை நாள் தாங்கும்? பெரும்பாலானவை சில மாதங்களில் செத்தன. பழக்கமில்லாத நோய் என்பதால் எதிர்ப்புச் சக்தியும் இல்லை. ஒரே வளையில் மாறி மாறிப் படுப்பதால் பூச்சி எளிதாகத் தாவியது. டென்மார்க்கின் போர்ன்ஹோல்ம் தீவில் இதே நோய் நரியை அடியோடு துடைத்துவிட்டது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் 1994-ல் வந்தபோது இரண்டே வருடத்தில் நூற்றுக்கு 95 நரிக்கு மேல் போயின. அங்கே சுவீடன் குளிர்கூடக் கிடையாது.

நரி குறைஞ்சதும் எதெல்லாம் கூடிச்சு?

முதலில் மலைமுயல். கோடையில் பழுப்பும் குளிரில் வெள்ளையுமாக மாறும் வடநாட்டு முயல் அது. அப்புறம் கிரௌஸ்கள். நம் காட்டுக்கோழிக்குத் தூரத்து உறவான, பைன் காட்டுப் பறவைகள் அவை. கருப்பு கிரௌஸும், வான்கோழி அளவுக்கு வளரும் கேப்பர்கேலியும் கூடின. ரோ மான் என்ற சின்ன மானில், இலையுதிர் காலத்தில் தாயோடு திரியும் குட்டிகள் கூடின. வளர்ந்த மானை நரி ஒன்றும் செய்யாது. ஆனால் பிறந்த முதல் சில வாரம் குட்டி புல்லுக்குள் அசையாமல் படுத்துக் கிடக்கும். நரிக்கு வாய்ப்பு அப்போதுதான்.

எரிங்டன் சொன்ன மாதிரி நரி வெறும் மிச்சத்தைத் தின்கிற பிராணியாக இருந்திருந்தால் இதில் எதுவும் கூடியிருக்கக் கூடாது. கூடின. அதாவது இந்தக் காடுகளில், இந்தப் பிராணிகளை, நரி உண்மையிலேயே அமுக்கி வைத்திருந்தது. இந்த இரண்டு "இந்த"வையும் நினைவில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

முயலை எப்படி எண்ணுவாங்க? அது நின்னு போஸ் குடுக்குமா?

முயலை எண்ணமாட்டார்கள், புழுக்கையை எண்ணுவார்கள். காட்டில் குறித்து வைத்த சிறு வட்டங்களில் வசந்த காலத்தில் பனி உருகியதும் போய், குளிர்காலம் முழுக்கச் சேர்ந்த புழுக்கையைக் கணக்கெடுத்துக் கழுவித் துடைத்தாற்போல் ஆக்கிவிட்டு வருவார்கள். அடுத்த வருடம் மறுபடி. கிரௌஸுக்கு நாயைக் கூட்டிக்கொண்டு கோடைக் கடைசியில் நடப்பார்கள். நாய் மோந்து கிளப்பும்போது தாய் எத்தனை, குஞ்சு எத்தனை என்று குறிப்பார்கள். நரிக்கு, குட்டி போட்ட வளைகளின் கணக்கு.

இவை போக வேட்டைக்காரர் தரும் சுட்ட கணக்கு. அதை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். நரித்தோலுக்கு நல்ல விலை இருந்தால் நிறையப் பேர் நரி சுடுவார்கள், முயல் அதிகம் என்று கேள்விப்பட்டால் நிறையப் பேர் முயலுக்குப் போவார்கள். சுட்டது கூடியதாலேயே காட்டில் கூடியது என்று சொல்ல முடியாது. கிரிம்ஸோவின் புழுக்கைக் கணக்கும் நாட்டின் சுட்ட கணக்கும் ஒரே திசையில் போனதால்தான் நம்பிக்கை வந்தது.

நரிக்கு முக்கியச் சாப்பாடு எலிதானே? அப்ப முயல் எப்படி மாட்டுது?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. சுவீடன் நரி உயிர் வாழ்வது வோல் என்ற குட்டைவால் காட்டெலியால்தான். அந்த எலிக்கு ஒரு தாளம் உண்டு. மூன்று அல்லது நான்கு வருடத்துக்கு ஒருமுறை காடே எலியாகும், பிறகு திடீரென்று சரிந்து காணாமல் போகும். எலி பெருத்த வருடம் நரிக்குத் தீபாவளி. குட்டிகள் நிறையப் பிழைக்கும், முயலையும் கிரௌஸையும் அது திரும்பிக்கூடப் பார்க்காது. அடுத்து எலி சரியும்போது நரிக்கூட்டம் உச்சத்தில் இருக்கும், பசியும் உச்சத்தில் இருக்கும். அப்போதுதான் முயல் மேலும் கிரௌஸ் கூடு மேலும் பாய்கிறது.

அதனால் முயலும் கிரௌஸும் எலியின் தாளத்துக்கே ஏறி இறங்கின. எலி பெருத்தால் இவையும் பெருக்கும், எலி சரிந்தால் இவையும் சரியும். முயலுக்கும் எலிக்கும் நேரடியாக ஒரு கொடுக்கல் வாங்கலும் கிடையாது, நடுவில் நரி என்ற தரகர் மட்டும்தான். நார்வேயில் 1950-களிலேயே இந்த யோசனை எழுந்தது, 1980-களில் சுவீடனில் பெர் ஆங்கெல்ஸ்டாமும் லின்ட்ஸ்ட்ரோமும் இன்னொருவரும் சேர்ந்து அதற்கு ஒழுங்கான உருவம் கொடுத்தார்கள்.

சொறிநோய் வந்து தரகர் படுத்ததும் அந்தத் தாளம் முயலிடம் கலைந்துபோனது. எலி தன்பாட்டுக்கு ஏறி இறங்க, முயல் அதைக் கண்டுகொள்ளாமல் ஏறிக்கொண்டே போனது. என்னைக் கேட்டால் முயல் கூடியதைவிட இதுதான் பெரிய சாட்சி. எண்ணிக்கை கூட ஆயிரம் காரணம் இருக்கலாம். தாளம் அறுந்ததற்கு அவ்வளவு காரணங்கள் தேட முடியாது.

ஆக எலி நிறைய இருந்தா முயலுக்கு நல்லதா கெட்டதா?

இந்த வருடம் நல்லது. அடுத்த வருடம் கெட்டது.

கிரௌஸ் பறவைதானே, பறந்துடாதா?

வளர்ந்தது பறந்துவிடும். முட்டை பறக்காது. தாய் மூன்றரை வாரத்துக்கு மேல் தரையில் அடைகாக்கிறது, பொரித்த குஞ்சும் முதல் வாரங்களில் ஓடத்தான் செய்யும். நரிக்கு இராத்திரியில் மூக்கு ஒன்று போதும். தரையில் கூடு கட்டும் எந்தப் பறவைக்கும், மயில் உட்பட, இதே கண்டம் உண்டு.

நரி செத்ததும் முயல் கூடியதும் தற்செயலா ஒரே நேரத்துல நடந்திருக்கலாமே?

இப்படிக் கேட்கிறவர்களைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கும். அந்த வருடங்களில் குளிர் லேசாக இருந்திருக்கலாம், காட்டை வெட்டியதில் புதுத் தளிர் கிடைத்திருக்கலாம். அதனால் நோய்க்கதை மட்டும் போதாது. ஆனால் அதே சமயத்தில் வேண்டுமென்றே செய்த ஒரு சோதனையும் இருக்கிறது.

சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவில் உள்ள வளைகுடாவின் வடக்கே இரண்டு தீவுகள். 1976-ல் தொடங்கி ஒரு தீவில் மட்டும் நரியையும் பைன் மார்ட்டனையும் எடுத்தார்கள். மார்ட்டன் என்பது நம் நீலகிரி மார்ட்டனின் வடநாட்டுச் சொந்தம். மற்ற தீவை அப்படியே விட்டார்கள். சில வருடம் கழித்து மாற்றிக்கொண்டார்கள்: இங்கே நிறுத்தினார்கள், அங்கே எடுத்தார்கள். 1984 வரை நடந்தது. வேட்டையாடி இல்லாதபோது கிரௌஸ் கோழிகளில் நூற்றுக்கு 77 குஞ்சோடு இருந்தன, இருந்தபோது 59 மட்டும்தான். ஒரு தாயோடு திரிந்த குஞ்சு சராசரி ஐந்தரைக்கும் மூன்று சொச்சத்துக்கும் வித்தியாசப்பட்டது. தீவை மாற்றியபோது பலனும் மாறியது. மண், மழை, காடு எதுவும் மாறவில்லை, மாறியது வேட்டையாடி மட்டும்தான்.

நரி திரும்ப வந்துச்சா?

வந்தது. 1980-களின் இறுதியில் இருந்து மெல்ல எழுந்தது, 1990-களில் நன்றாகவே. நோய் முழுக்கப் போகவில்லை, ஆனால் முதல் அலையின் கொடூரம் இல்லை. நரி ஏற ஏற முயல் இறங்கியது. மேலே இரண்டாவது கேள்வியில் சொன்ன சோதனையின் கடைசிப் பாதி அது.

ரோ மான் மட்டும் கொஞ்ச நாள் தாமதித்தது. நரி இல்லாத வருடங்களில் பிறந்த கூட்டம் வளர்ந்து குட்டி போட்டு, 1990-களின் தொடக்கத்தில் சுவீடனில் ஒரே வருடத்தில் 3.5 லட்சத்துக்கு மேல் மான் சுடப்பட்டது. பிறகு வேகமாக இறங்கியது. நரியோடு லின்க்ஸ் என்ற காட்டுப்பூனையும் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. லின்க்ஸுக்கு ரோ மான்தான் இஷ்டமான தீனி, வளர்ந்ததையே அடித்துவிடும். எனவே மான் விஷயத்தில் முழுப் பழியையும் நரி தலையில் கட்ட முடியாது.

நரி போன இடத்துக்கு வேற எதுவும் வராதா?

வரும். நரி குறைந்ததும் மார்ட்டன் கூடியது. நரி மார்ட்டனைப் போட்டியாகப் பார்க்கும், கிடைத்தால் கொன்றும்விடும். மார்ட்டனும் முட்டை தின்னும், கிரௌஸ் தின்னும். ஆனாலும் நரி விட்ட இடத்தை அதனால் நிரப்ப முடியவில்லை. முயல் கூடத்தான் செய்தது.

அப்ப பெரிய வேட்டைமிருகம் போனா சின்ன பிராணி குறையக்கூட செய்யுமா?

செய்யும். தெற்கு ஸ்பெயினின் தொன்யானாவில் 1990-களில் இதைக் காட்டினார்கள். அங்கே ஐபீரிய லின்க்ஸ் பெரும்பாலும் முயல் தின்றே வாழும் பிராணி. லின்க்ஸ் இருந்தால் முயல் குறைவாகத்தானே இருக்க வேண்டும்? லின்க்ஸ் நடமாடிய இடங்களில் முயல் இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகமாக இருந்தது. காரணம், லின்க்ஸ் எகிப்துக் கீரியைத் துரத்தியது, கொன்றது. அந்தக் கீரிகள் சேர்ந்து தின்னும் முயலோடு பார்த்தால் லின்க்ஸ் தின்பது கொஞ்சம்தான். சுங்கம் வாங்குகிற ஒரு ரவுடி இருந்தால் பத்து ஜேப்படிக்காரன் வரமாட்டான் என்கிற கணக்கு. வடக்கேயும் லின்க்ஸ் திரும்பிய இடங்களில் செந்நரி அடங்கியது, பின்லாந்தில் அதனால் மலைமுயலுக்கு லாபம் என்று ஆய்வுகள் சொல்கின்றன.

ஆகவே "வேட்டையாடி குறைந்தால்" என்று பொதுவாகக் கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. எந்த வேட்டையாடி, அதற்குக் கீழே யார் காத்திருக்கிறார்கள் என்று சேர்த்துக் கேளுங்கள்.

தீனி முக்கியம் இல்லையா? எல்லாத்தையும் நரி மேலயே போடறீங்க?

முக்கியம்தான். கனடாவின் யூகோன் பகுதியில் குளூவேன் ஏரிப் பக்கம் சார்லஸ் கிரெப்ஸும் கூட்டமும் 1980-களின் நடுவில் தொடங்கி இதைச் சோதித்தார்கள். பனிக்காலணி முயல் பத்து வருடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும் காடு அது. ஒரு சதுர கிலோமீட்டர் அளவுள்ள திடல்கள். ஒன்றில் வேட்டைமிருகம் நுழையாமல் மின்வேலி போட்டார்கள், முயல் சுமார் இரண்டு மடங்கானது. ஒன்றில் தீனி மட்டும் கொட்டினார்கள், மூன்று மடங்கானது. இரண்டையும் சேர்த்துச் செய்த திடலில் பதினோரு மடங்கு.

இரண்டும் மூன்றும் கூட்டினால் ஐந்து, பெருக்கினாலே ஆறுதான், பதினொன்று எங்கிருந்து வந்தது? பசித்த முயல் தீனி தேடி வெட்டவெளிக்கு வரும், வந்தால் மாட்டும். பயந்த முயல் புதருக்குள்ளேயே கிடந்து பட்டினியாகும். பசியும் பயமும் ஒன்றையொன்று வளர்க்கும், இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்தால் பலன் பாய்கிறது. எரிங்டன் முழுக்கத் தவறு என்று நான் சொல்லாததும் இதனால்தான். ஒதுங்க இடம் நன்றாக இருந்தால் நரியின் கை அவ்வளவு நீளாது.

நோஞ்சானைத்தான் நரி தின்னும், நரி போனா நோய் பரவும்னு சொல்றாங்களே?

ஒரு நல்ல உதாரணம் உண்டு. பிரிட்டனின் புதர்மேடுகளில் செங்கிரௌஸ் என்ற பறவையைச் சுட்டு விளையாடுவதற்காகவே காவலாள் போட்டு வளர்க்கிறார்கள், நரியையும் காக்கையையும் கொன்றுகொண்டே இருப்பார்கள். பறவை நெருக்கம் கூடும், குடலில் ஒரு நூல்புழுவும் கூடும், சில வருடத்துக்கு ஒருமுறை கூட்டமே சரியும். 1990-களில் பீட்டர் ஹட்சன் குழு பறவைகளைப் பிடித்துப் புழுமருந்து கொடுத்துப் பார்த்தது, சரிவு பெரிய அளவில் அடங்கியது. புழு அதிகம் உள்ள பறவையே நரிக்கு எளிதாக மாட்டுகிறது என்றும் கண்டார்கள்.

ஆனால் இதை எல்லா இடத்துக்கும் இழுக்க வேண்டாம். சுவீடனில் முயலுக்குத் தனி நோய்கள் உண்டு. முயல் காய்ச்சல் பழையது, பழுப்பு முயலைக் கொல்லும் ஒரு ஈரல் நோய் 1980-களின் தொடக்கத்தில் அங்கேதான் முதலில் கண்டறியப்பட்டது. அப்படியிருந்தும் நரி இல்லாத வருடங்களில் மலைமுயல் ஏறத்தான் செய்தது.

சொறி செஞ்ச வேலையை துப்பாக்கி செய்யாதா?

சின்ன இடத்தில் செய்யும், விடாமல் செய்தால். இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியில் 1985 முதல் 1990 வரை, தீவுச் சோதனை மாதிரியே இரண்டு இடத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். கவுதாரி முட்டையிடும் பருவத்தில் நரி, காக்கை, மேக்பை என்ற காக்கை இனப் பறவை, எலி எல்லாவற்றையும் முழுநேர ஆள் வைத்துக் கட்டுப்படுத்தினார்கள். மூன்று வருடத்தில் கோடைக் கடைசியில் கவுதாரி மூன்றரை மடங்கு ஆனது, அடுத்த வசந்தத்தில் இனப்பெருக்கத்துக்கு நின்றவை 2.6 மடங்கு.

நிறுத்தினால் பழைய கதைதான். சுட்ட இடம் காலியானால் பக்கத்துத் தோட்டத்து இளநரி வந்து உட்கார்ந்துவிடும். சொறிநோய்க்கு வேலி கிடையாது, பக்கத்திலும் நரி சாகிறது, அதற்குப் பக்கத்திலும் சாகிறது, வந்து உட்கார ஆள் இல்லை. துப்பாக்கியால் அது முடியாது. முடிய வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.

இப்ப அங்க முயல் எப்படி இருக்கு?

மலைமுயலுக்கு இப்போது வேறு தலைவலிகள். பனி தாமதமாக விழுகிறது, சீக்கிரம் உருகுகிறது, வெள்ளையாக மாறிய முயல் பழுப்பு நிலத்தில் பளிச்சென்று தெரிகிறது. தெற்கிலிருந்து ஏறும் பழுப்பு முயலோடு கலப்பும் நடக்கிறது. நரி அதே நரிதான், முயலின் சட்டைதான் பருவத்துக்கு ஒத்துப்போகவில்லை.

சரி, சுத்தி வளைச்சது போதும். நம்ம ஊர்ல நரி போனதாலதான் மயில் பெருகிச்சா?

நடக்கக்கூடியது. தரைக்கூடு, முட்டை, ஓடும் குஞ்சு என்று கிரௌஸுக்குச் சொன்னதெல்லாம் மயிலுக்கும் பொருந்தும். நரி இல்லாவிட்டால் அதிகக் குஞ்சு தேறும் என்பதில் தர்க்கக் கோளாறு எதுவும் இல்லை.

ஆனால் சுவீடனிடம் இருந்த மூன்றும் நம்மிடம் இல்லை. நரி குறைவதற்கு முன்பிருந்தே எடுத்த கணக்கு இல்லை. ஓர் இடத்தில் எடுத்து ஓர் இடத்தில் விட்ட சோதனை இல்லை. நரி திரும்பி வந்த கதையும் இல்லை. அதோடு, அதே காலத்தில் வேறு பலதும் மாறிவிட்டன. 1963-ல் தேசியப் பறவையானது, 1972-ல் சட்டம் வந்தது, சுட்டுத் தின்ன ஆள் பயந்தான். தண்ணீர் வற்றித் தரிசாக விட்ட நிலமெல்லாம் சீமைக்கருவேலம் ஏறி ஒதுங்க இடமானது. பக்கத்திலேயே போர்வெல் தண்ணீரில் கடலையும் தக்காளியும். தீனியும் பயமில்லாத இடமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று குளூவேனில் பார்த்தோம். நரி போன இடத்தில் தெருநாயும் கீரியும் இருக்கின்றன, அவை சும்மா இருக்குமா? ராஜஸ்தானின் பரத்பூரில் நரியும் மயிலும் ஒரே காட்டில் இருக்கின்றன, அதையும் யோசியுங்கள்.

நரி ஒரு காரணமாக இருக்கலாம். "நரிதான் காரணம்" என்று நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

அப்ப நாலு நரியைக் கொண்டாந்து விட்டா மயில் குறையுமா?

முதலில், இரண்டுமே சட்டப் பாதுகாப்பில் உள்ளவை, பிடித்து விடுவதெல்லாம் வனத்துறை வேலை. அடுத்து, எலிக் கேள்விக்குச் சொன்னதைத் திரும்பப் படியுங்கள். நரி எளிதாகக் கிடைப்பதைத் தின்னும். வயலில் எலியும் நண்டும், கறிக்கோழிப் பண்ணைக்குப் பின்னால் கொட்டிய செத்த கோழியும் இருக்கும்போது அது மயில் கூட்டைத் தேடி அலையுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் ஒன்று செய்யலாம். தீவில் செய்த மாதிரி, மழைக்குப் பின் பெட்டைமயில் குஞ்சோடு திரியும் நாட்களில் ஒரே வழியில் நடந்து, எத்தனை பெட்டை, அதில் குஞ்சோடு எத்தனை, ஒரு தாய்க்கு எத்தனை குஞ்சு என்று எழுதுங்கள். நரி ஊளை இன்னும் கேட்கிற ஊரில் ஒருவர், கேட்காத ஊரில் ஒருவர், நாலைந்து வருடம். நோட்டும் பேனாவும் போதும். நாயை மட்டும் வீட்டில் கட்டிவிட்டு வாருங்கள்.